மண்ணில் மருந்து தேடிய மருத்துவர் எல்லப்பிரகட சுப்பாராவ்

பல நாள் வெயிலில் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் ஒரு வாசனை எழும். மாசாய், பிளந்தோங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வாசனைக்குப் பெரும் காரணம் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசெஸ் என்னும் நுண்ணுயிர்கள். அவை ஜியோஸ்மின் என்ற பொருளைச் சுரக்கின்றன. மழைத்துளி பட்டதும் அது காற்றில் கலந்து மூக்கை எட்டுகிறது. அதே நுண்ணுயிர்க் கூட்டத்தில் ஒன்றிடமிருந்துதான் டெட்ராசைக்கிளின் மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்து கிடைத்தது. எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கு இன்று கிளினிக்கில் எழுதிக் கொடுக்கும் டாக்சிசைக்கிளின் அந்தக் குடும்பத்தில் பிறகு வந்த பிள்ளை.

அந்த முதல் மருந்தைக் கண்டெடுத்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஓர் இந்தியர். சென்னையில் படித்தவர். டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். கர்ப்பிணிப் பெண்கள் தினமும் விழுங்கும் சிறிய மஞ்சள் ஃபோலிக் அமில மாத்திரை, யானைக்கால் நோய்க்கான மாத்திரை, பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலில் அடக்கிக் காட்டிய மருந்து எல்லாம் அவர் கைபட்டவை. மருத்துவ உலகம் நன்கு அறிந்த பெயர் இது. ஆனால் மாத்திரையை விழுங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் சங்கடமானது.

1895 ஜனவரி 12ஆம் தேதி அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் அவர் பிறந்தார். இன்று அது ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு உத்தியோகம் பார்த்து, உடல் நலம் கெட்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். வீட்டில் பிள்ளைகள் அதிகம், பணம் குறைவு. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடி, காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகப் பார்த்தார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த கதை. தாய் வேங்கம்மா விடவில்லை. பிடித்து இழுத்து வந்து பள்ளியில் உட்கார வைத்தார். தந்தை இறந்த பிறகும் தன் நகைகளை விற்றுப் படிக்க வைத்தவர் அவர்தான். மகன் அப்படி ஒன்றும் முதல் மாணவன் இல்லை. மெட்ரிக்குலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து தேறினார். எஸ்.பி.எம்.மில் ஒரு தடவை தவறிய பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நாட்களில் அவர் மனம் ராமகிருஷ்ணா மடத்தின் பக்கம் சாய்ந்தது. துறவி ஆக விரும்பினார். அதற்குத் தாயின் சம்மதம் வேண்டும், தாய் கொடுக்கவில்லை. மக்களுக்குத் தொண்டு செய்வதும் ஒரு வழிதான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவில் உதவியவர் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி. அவர் மகள் சேஷகிரியைத்தான் 1919இல் சுப்பாராவ் மணந்தார்.

கல்லூரியிலும் ஒரு சிக்கல். காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடையில் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்தும் அவருக்குக் கிடைத்தது முழு எம்.பி.பி.எஸ். பட்டம் அல்ல, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ். அரசாங்க மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலை கிடைத்தது.

அந்த நாட்களில் அவர் மனத்தை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது ஒரே நோய். ஆங்கில மருத்துவத்தில் அதற்கு ஸ்ப்ரூ என்று பெயர். விடாத வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் போவது, இரத்தம் வற்றி வெளிறிப்போவது, எலும்பும் தோலுமாக இளைப்பது. வெப்ப மண்டல நாடுகளில் மட்டும் வரும் இந்த நோய் ஏன் வருகிறது என்று அன்று எந்த டாக்டருக்கும் தெரியாது. மருந்தும் கிடையாது. பிறகு அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. மேல்நாட்டு மருத்துவம் கைவிரித்த நிலையில் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் அவர் பிழைத்தார்.

ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வந்த நோய், இருவரைக் கொன்று ஒருவரை விட்டது. விடப்பட்டவர் மருத்துவம் படித்தவர். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை போன திசையைப் புரிந்துகொள்ள வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1922இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மாமனாரும் நண்பர்களும் பணம் திரட்டினார்கள். காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறநிதியும் கைகொடுக்க முன்வந்தது. பாஸ்டனில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. உதவித்தொகை கிடைக்கவில்லை. அவருடைய சென்னைச் சான்றிதழை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்கவும் முடியாது. அதனால் பகலில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவியிருக்கிறார். மூன்று வருடத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை சின்ன வயதிலேயே இறந்துபோனது. அப்பா அதன் முகத்தைப் பார்த்ததில்லை. சேஷகிரியும் கணவரை மறுபடி பார்க்கவில்லை. சுப்பாராவைப் புகழும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. பாஸ்டனில் அவர் செய்த தியாகத்தைப் பேசும்போது, கோதாவரிக் கரையில் ஒரு பெண் செய்த தியாகத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து வேலை செய்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உலகம் முழுக்க ஆய்வுக்கூட மாணவர்கள் படித்த முறை அது. அதை வைத்துக்கொண்டு தசைக்குள் நுழைந்தபோது பாஸ்போகிரியட்டின் என்ற பொருள் கிடைத்தது. 1929இல் ஏ.டி.பி. என்ற பொருளைத் தசையில் இருந்து பிரித்துக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்திருந்தார். மனிதன் கை அசைப்பதற்கும், பால்மரம் வளர்வதற்கும், மண்ணில் ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிளப்பதற்கும் செலவாகும் சக்தி இந்த ஒரே பொருளின் வழியாகத்தான் கைமாறுகிறது. உயிர் எல்லாம் ஒரே வேரில் இருந்து கிளைத்தது என்பதற்கு இதைவிட எளிய அத்தாட்சி கிடைப்பது கடினம்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் மாணவராக இருந்து, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் வெளிச்சத்துக்கு வர விடவில்லை என்றும், அதனால் பல வருடம் கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும் சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் இதைப் பற்றிச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. 1940இல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அது மருந்து நிறுவனம். விரைவில் ஆராய்ச்சித் துறை முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. கையில் பணமும் ஆளும் வந்ததும் அவர் முதலில் எடுத்த வேலைகளில் ஒன்று, இரத்தம் வற்றும் நோய்க்கு மருந்து. அண்ணன் தம்பியின் நோய்.

அந்தத் தேடலுக்கு வழி காட்டியதும் இந்தியாதான். 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிப் பெண்கள் இரத்தச்சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்தார் லூசி வில்ஸ். இன்றும் மலேசியக் கடைகளில் கறுப்பாகக் கண்ணாடிப் புட்டியில் விற்கும் மார்மைட்தான் அது. பெண்கள் தேறினார்கள். ஈஸ்ட் என்பதும் ஒரு நுண்ணுயிர். ரொட்டியைப் பொங்க வைப்பது. அதற்குள் இருக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தை ஊற வைக்கிறது. ஆனால் அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

1941இல் டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் நான்கு டன் பசலைக் கீரையைக் காய்ச்சி வடித்து ஒரு பொருளைப் பிரித்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். சுப்பாராவின் குழு ஈரலில் இருந்தும், நுண்ணுயிர்கள் வளர்ந்த கரைசலில் இருந்தும் அதே வகைப் பொருளைப் பிரித்தது. இவ்வளவு நுண்ணிய அளவில் இருப்பதை எப்படி அளப்பது? அதற்கும் ஒரு நுண்ணுயிரே தராசாக நின்றது. தயிர் புளிக்க வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த லாக்டோபேசிலஸ் கேசி என்ற பாக்டீரியாவுக்கு ஃபோலிக் அமிலத்தைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. வெளியே கிடைத்தால் வளரும், கிடைக்காவிட்டால் நிற்கும். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தே எவ்வளவு ஃபோலிக் அமிலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள்.

இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. பல பாக்டீரியாக்கள் ஃபோலிக் அமிலத்தைத் தாமே செய்துகொள்ளும். மனிதனால் முடியாது, கீரையிலும் ஈரலிலும் பயற்றிலும் தேடித்தான் சாப்பிட வேண்டும். பால் போன்ற வளமான உணவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லாக்டோபேசிலஸும், செய்யும் திறமையை இழந்துவிட்டது. எது எப்போதும் இலவசமாகக் கிடைக்கிறதோ அதைச் செய்யும் பழக்கம் உயிர்களுக்குப் போய்விடுகிறது. வறுமையான மண்ணில் கிடக்கும் பாக்டீரியாவோ எல்லாவற்றையும் தானே செய்யப் பழகியிருக்கும்.

1945இல் லெடர்லி குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது. டன் கணக்கில் கீரை வேண்டாம். அடுத்த சில மாதங்களில் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிறிய முகங்களில் இரத்தம் ஊறியது, நாக்குப் புண் ஆறியது, பசி வந்தது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஆனால் அது பாதி மருந்துதான். மறுபாதி அதே கட்டடத்தில், வேறொரு மேசையில் தயாராகிக்கொண்டிருந்தது.

பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்துவிட்ட காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிடமிருந்து கிடைத்ததும், மருந்து நிறுவனங்களின் கண் எல்லாம் மண்ணின் மேல் விழுந்தது. ஒரு தேக்கரண்டி தோட்ட மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். அங்கே சாப்பாடு கொஞ்சம், வாய் அதிகம். பக்கத்தில் இருப்பவனை வளர விடாமல் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சில நுண்ணுயிர்கள் சுரக்கின்றன. அந்த ஆயுதத்தைத்தான் மனிதன் எடுத்து மருந்தாக்கினான். சுப்பாராவ் இந்தத் தேடலுக்கு வைத்த ஆள் பெஞ்சமின் டக்கர். பயிர் நோய் நிபுணர். பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்று எழுபது வயதைத் தாண்டியவர். அவ்வளவு வயதானவரை வேலைக்கு எடுப்பதை வேறு நிறுவனம் யோசித்திருக்கும்.

பல இடங்களில் இருந்து மண் வரவழைக்கப்பட்டது. 1945இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலில் இருந்து ஒரு பொட்டலம் வந்தது. 23ஆம் எண் பாத்தியின் மண். வெறும் புல் வளர்த்த, உரமே போடாத பாத்தி. அந்த மண்ணைத் தட்டில் வளர்த்தபோது பொன் மஞ்சளாக ஒரு திட்டு தோன்றியது. அதைச் சுற்றி மற்றக் கிருமிகள் வளரவில்லை. பொன்னிறத்தை வைத்து அந்த நுண்ணுயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசெஸ் ஆரியோஃபேசியன்ஸ் என்றும், மருந்துக்கு ஆரியோமைசின் என்றும் பெயரிட்டார் டக்கர். பென்சிலின் எட்டாத பல கிருமிகளை அது அடக்கியது. 1948 ஜூலையில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது.

அதே 1948இல் மலாயாவில் நடந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தோட்டங்களில் உண்ணிக் காய்ச்சல் பழைய எமன். காட்டை வெட்டிப் போட்ட இடத்தில் லாலாங் புல் முளைக்கும். புல்லில் எலி பெருகும். எலியின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி ஒட்டியிருக்கும். அந்தப் பூச்சிக்குள் கிருமி. புதிதாகச் செம்பனை நட்ட தோட்டங்களில் புல் வெட்டப் போன தொழிலாளர்கள் விழுந்து விழுந்து செத்ததைக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவர்கள் 1920களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டில் இருந்தவரை அந்தக் கிருமிக்கும் மனிதனுக்கும் அதிக உறவு இல்லை. காட்டை மாற்றியபோது கிருமியின் வாழ்விடமும் மாறியது, இடையில் அகப்பட்டவர் கூலிக்காரர். 1948இல் ஓர் அமெரிக்க மருத்துவக் குழு கோலாலம்பூர் வந்து, குளோரோமைசெட்டின் என்ற இன்னொரு மண் மருந்தை இந்தக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்து வென்று காட்டியது. ஆரியோமைசினும் அதே வகைக் கிருமிகளை அடக்க வல்லது என்று தெரிந்தது. இன்று உண்ணிக் காய்ச்சலுக்கு முதலில் கொடுப்பது டாக்சிசைக்கிளின்.

யானைக்கால் கதை வேறு. அதன் காரணம் கிருமி அல்ல, நூல் போன்ற புழு. அதன் குஞ்சுகள் மட்டும் நுண்ணோக்கியில் தெரியும் அளவு சிறியவை. தோட்டத்து லயங்களில் ராத்திரி வந்து விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் போனதைப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைவு வைத்திருக்கலாம். பகலில் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கொசு கடிக்கும் நேரம் பார்த்துத்தான் புழுக்குஞ்சுகள் தோலை ஒட்டிய இரத்தத்துக்கு வருகின்றன. மற்ற நேரம் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கும். இந்த நாட்டில் யானைக்காலை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றுக்கு மலாயாவின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது: புரூஜியா மலாயி. சுப்பாராவின் குழு 1947இல் வெளியிட்ட ஹெட்ராசான், அதாவது டைஎத்தில்கார்பமசின், அந்தப் புழுக்குஞ்சுகளை ஒழிக்கும் வாய்வழி மருந்து. இந்தியாவிலும் மலேசியாவிலும் யானைக்கால் ஒழிப்புத் திட்டங்கள் பல்லாண்டுகளாக அதை நம்பித்தான் நடந்தன.

புற்றுநோய் மருந்தும் ஃபோலிக் அமிலத்தின் வழியில் வந்ததே. வேகமாகப் பெருகும் உயிரணுவுக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் போலவே தோற்றம் உள்ள, ஆனால் வேலை செய்யாத போலிப் பொருளைக் கொடுத்தால்? பாஸ்டன் குழந்தை நோய்க்கூறு மருத்துவர் சிட்னி ஃபார்பர் கேட்டதற்கு இணங்க, சுப்பாராவின் குழு அமினோப்டெரின் என்ற போலியைச் செய்து அனுப்பியது. இரத்தப் புற்றுநோய் வந்த 16 பிள்ளைகளுக்கு ஃபார்பர் அதைக் கொடுத்தார். பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கியது. நிரந்தரமாக அல்ல, நோய் மறுபடி வந்தது. ஆனாலும் அதுவரை சில வாரங்களில் முடிந்துபோன கதையில் அது முதல் மாற்றம். 1948 ஜூனில் அந்த முடிவுகள் வெளிவந்தன. அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

1948 ஆகஸ்ட் மாதம், ஆரியோமைசின் அறிவிப்பு வந்து சில வாரங்களே ஆன நிலையில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. மேடை ஏறாதவர், பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பதைத் தவிர்த்தவர், கண்டுபிடிப்புகளின் கட்டுரைகளில் உடன் உழைத்தவர்களின் பெயரை முன்னால் வைத்துத் தான் பின்னால் நின்றவர். ஃபோலிக் அமிலக் கட்டுரையிலும் ஆரியோமைசின் கட்டுரையிலும் முதல் பெயர் அவருடையது அல்ல. அமெரிக்கக் குடியுரிமை இந்தியர்களுக்கு 1946இல் திறந்துவிடப்பட்ட பிறகும் அவர் அதைப் பெற்று முடிக்கவில்லை. இருபத்தாறு வருடம் அந்த நாட்டில் அந்நியராகவே வாழ்ந்து மடிந்தார்.

அவருடைய இரண்டு மருந்துகளும் ஒன்று சேர்ந்ததைப் பார்க்க அவர் இல்லை. ஸ்ப்ரூவுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் இரத்தம் ஊறும், ஆனால் சிலருக்கு வயிறு முழுதாகச் சரியாகாது. 1960களில் இதற்கு விளக்கம் கிடைத்தது. ஆரோக்கியமானவரின் பெருங்குடலில் பாக்டீரியாக்கள் மண்டிக் கிடக்கும். சிறுகுடலில் மிகக் குறைவு. அதுதான் ஒழுங்கு. ஸ்ப்ரூ நோயாளியின் சிறுகுடலில், இருக்கக்கூடாத பாக்டீரியாக்கள் குடியேறி நிலைத்துவிடுகின்றன. குடலின் உள்சுவரில் உணவை உறிஞ்சும் மெல்லிய மயிர் போன்ற அமைப்பு தேய்கிறது. உறிஞ்ச முடியாததால் ஃபோலிக் அமிலம் குறைகிறது. அது குறைந்ததால் தேய்ந்த சுவர் மறுபடி வளர முடியவில்லை. வட்டம் இப்படியே சுற்றும். மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங் முகாம்களில் இருந்த பிரிட்டிஷ் படையினருக்கும் இந்த நோய் வந்தது. தமிழ்நாட்டில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோய் போல் பரவியபோது வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி அதை நெருங்கி ஆராய்ந்தது. இன்று மருத்துவப் பாடநூல்கள் சொல்லும் சிகிச்சை, பல மாதங்களுக்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்கிளினும் சேர்த்து. புருஷோத்தத்தையும் கிருஷ்ணமூர்த்தியையும் காப்பாற்றியிருக்கக் கூடிய இரண்டு மருந்துகளுக்கும் தொடக்கம் அவர்களுடைய சகோதரரின் ஆய்வுக்கூடம்.

கதை இங்கே இனிப்பாக முடியவில்லை. ஆரியோமைசின் எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையை லெடர்லி ஆய்வாளர்கள் கோழிக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாகக் கொழுத்தன. 1950இல் இது வெளியானதும் கோழி, பன்றி, மாட்டுத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது உலக வழக்கமானது. நோய் இல்லாத பிராணிக்குத் தினமும் சிறிது மருந்து. கிருமிக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் யாரும் கட்டிக் கொடுக்க முடியாது. லட்சத்தில் ஒன்று தப்பினால் போதும். சில மணி நேரத்தில் அதன் வாரிசுகள் இடத்தைப் பிடித்துவிடும். ஜப்பானில் 1950களிலேயே சீதபேதிக் கிருமி டெட்ராசைக்கிளின் உட்பட நான்கு மருந்துகளை ஒரே நேரத்தில் எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்புச் சக்தியை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு, அது வேறு இனமாக இருந்தாலும், கைமாற்றிக் கொடுக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பழி முழுவதும் மனிதன் மேல் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011இல் கனடாவின் வட கோடியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணை ஆராய்ந்தபோது, டெட்ராசைக்கிளினை எதிர்க்கும் மரபணு அதற்குள்ளேயே இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசெஸ் தன் ஆயுதத்தை வீசத் தொடங்கிய காலத்தில் இருந்தே எதிராளிகள் கேடயம் செய்து வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் மிகச் சிறிய அளவில் நடந்த பழைய சண்டை அது. டன் கணக்கில் மருந்தைத் தயாரித்து ஆஸ்பத்திரியிலும் பண்ணையிலும் கொட்டியபோது, எங்கோ ஒரு மூலையில் கிடந்த கேடயம் எல்லாக் கிருமிக்கும் தேவையானதாகிவிட்டது. 23ஆம் எண் பாத்தியில் அந்தப் பொன்னிறத் திட்டு தன் தேவைக்குத்தான் சுரந்தது.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. இந்திய அரசாங்கம் நூற்றாண்டு விழாவை ஒட்டி 1995இல் ஒரு தபால் தலை வெளியிட்டது. அதற்கு வெகு முன்பே, 1953இல், நுண்ணுயிர் உலகம் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தது. லெடர்லியில் வேலை செய்த பூஞ்சை நிபுணர் கிளிஃபர்ட் ஹெசெல்டைன், புதிதாகக் கண்டுபிடித்த ஒரு பூஞ்சை இனத்துக்குச் சுப்பாரோமைசெஸ் என்று பெயர் சூட்டினார். அது வாழும் இடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கல் படுகை. மேலே இருந்து சாக்கடை நீர் சொட்டுச் சொட்டாக விழ, கற்களின் மேல் வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும் பாக்டீரியா, பூஞ்சைக் கூட்டத்தோடு சேர்ந்து அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைக்கிற கூட்டத்தில் அதுவும் ஒன்று. மலச்சட்டி கழுவி அமெரிக்க வாழ்க்கையைத் தொடங்கிய மனிதரின் பெயர் அந்தக் கற்களின் மேல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.